நாடும் நகரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், ஞாயிறு வகுப்பு ஆசிரியர் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



சிறார்க்குத் தமிழ் எழுத்தும் படிப்பும் கற்பித்தற்பொருட்டு நம் சங்கம் நடத்திவரும் ஞாயிறு வகுப்பின் பொறுப்பை ஏற்றிருப்பவர்கள் நாங்கள். எழுத்து, வாசிப்பு, செய்யுள் ஆகியவற்றிற்குரிய நேரம் கழிந்தபின், இறுதி அரை மணியை உலகப் படத்திற்கு ஒதுக்குவது இவ்வகுப்பின் வழக்கம். நாடுகளின் பெயரையும் அவற்றின் தலைநகர்களின் பெயரையும் தமிழில் சொல்லிப் பழகுவதே அவ்வரை மணியின் பாடம். ‘நாடும் நகரும்’ என்னும் போட்டி நம் ஆண்டு விழா நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இடம்பெற்றதும் அதன் வழியாகத்தான். அப்போட்டியை வரும் ஆண்டு முதல் நிறுத்திவிடலாம் என்று பெற்றோர் சிலர் அண்மையில் கருத்துரைத்தனர். செயற்குழு முடிவெடுக்குமுன் இரு பக்கத்துக் கருத்தும் அவையில் வைக்கப்படல் வேண்டும் என்று தலைவர் அவர்கள் பணித்தார். அப்பணியை ஏற்றே இன்று உங்கள்முன் நிற்கின்றோம்.

பெற்றோர் கூறிய காரணங்கள் மூன்று. கைப்பேசியில் நொடிப்பொழுதில் கிடைக்கும் செய்தியைக் குழந்தையின் தலையில் ஏன் சுமத்த வேண்டும் என்பது ஒன்று. இன்று கற்கும் பெயர் நாளை மாறிவிடுகின்றதே என்பது மற்றொன்று. பொருள் அறியாது ஒப்பிப்பது கிளிப்பிள்ளைப் பேச்சன்றோ என்பது மூன்றாவது. இவற்றுள் ஒன்றேனும் அற்பமான காரணம் அன்று. சிறப்பாக, மூன்றாவது காரணத்தை நாங்கள் முழு மனத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். ‘பர்க்கினா ஃபாசோவின் தலைநகர் யாது?’ என்று கேட்டவுடன் ‘வாகடூகு’ என்று மின்னலெனச் சொல்லும் பிள்ளை, அந்நாடு எங்குள்ளது என்று கேட்டால் தென்னமெரிக்காவைச் சுட்டிக் காட்டுமாயின், அந்த விடையால் யாது பயன்? அத்தகைய மனப்பாடம் வேண்டா என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமே இல்லை. ஆனால் மனப்பாடமே வேண்டா என்பது வேறு. பொருளற்ற மனப்பாடம் வேண்டா என்பது வேறு.

முதற்காரணத்தை எடுத்துக்கொள்வோம். கைப்பேசி, கேட்டதற்கு விடை தரும், கேட்காததற்குத் தராது. ஒரு நாடு உண்டு என்பதையே அறியாதவன் அந்நாட்டைப் பற்றி எவ்வாறு கேட்பான்? மேலும், செய்தி ஒன்று செவியில் விழும் அந்த நொடியில் உள்ளத்தில் ஏதேனும் அசைய வேண்டுமானால், அங்கே முன்னரே ஒரு பெயர் வேரூன்றி இருத்தல் வேண்டும்.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களை எண்ணிப் பாருங்கள். உக்ரேனில் போர் மூண்டபோது, அங்கே மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இந்திய மாணவர் பல்லாயிரவர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் பலர். கீவ் நகரிலிருந்தும் கார்க்கிவ் நகரிலிருந்தும் மேற்கு நோக்கிப் புகைவண்டியிலும் பேருந்திலும் கால்நடையாகவும் அவர்கள் எல்லையைத் தேடிச் சென்றனர். ‘கங்கை நடவடிக்கை’ என்று பெயரிட்டு இந்திய அரசு விமானங்களை அனுப்பி, 18,000-க்கும் மேற்பட்டோரைத் தாயகம் சேர்த்தது. அவ்விமானங்கள் புறப்பட்ட நகரங்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று ருமேனியாவின் தலைநகரான புக்காரெஸ்ட். மற்றொன்று அங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட். அந்நாள்களில் பெற்றோர்க்கு அவ்விரு பெயர்களின் வேறுபாடு தேர்வுக்குரிய வினாவாக இருக்கவில்லை. மகள் எந்த எல்லையை நோக்கி நடக்கின்றாள் என்னும் வினாவாக இருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சூடான் தலைநகரான கார்ட்டூமில் போர் வெடித்தபோதும் இதே நிலை. அங்கிருந்த நம்மவரை மீட்கும் பணிக்கு இந்திய அரசு இட்ட பெயர் ‘காவேரி நடவடிக்கை’ என்பது நமக்கு நினைவிருக்கும். தொலைவில் உள்ள தலைநகர் எந்த நாளில் நம் வீட்டு முற்றத்திற்கு வந்து நிற்கும் என்பதை யார் அறிவார்?

இனி, நினைவில் நிறுத்தும் வழியைப் பற்றிச் சில சொற்கள். நம் முன்னோர் நினைவாற்றலை ஒரு கலையாகவே வளர்த்தனர். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உரக்கச் சொல்லி வளர்ந்த தலைமுறை அது. ஒரே வேளையில் பலர் தொடுக்கும் வினாக்களையும் நெஞ்சில் வாங்கி, முறை பிறழாமல் விடையிறுக்கும் அவதானக் கலை தமிழ்நாட்டில் புகழுடன் விளங்கியது. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ஆம் ஆண்டில் சென்னையில் நூறு செயல்களை ஒருங்கே ஆற்றிச் சதாவதானி என்னும் சிறப்புப் பெற்றார். அத்துணை ஆற்றலை நம் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பார் யாருமில்லை. ஆயினும் நூற்றுத் தொண்ணூற்று மூன்று இணைப் பெயர்கள் ஒரு பத்து வயதுக் குழந்தைக்குப் பெருஞ்சுமை என்பதை ஏற்பதற்கில்லை. மட்டைப்பந்தாட்டக்காரர்களின் ஓட்டக் கணக்கை இதே பிள்ளைகள் எத்துணை நுணுக்கமாக ஒப்பிக்கின்றனர் என்பதை அவர்தம் தந்தையர் நன்கு அறிவர்.

மேலை நாட்டு அறிஞரும் இத்துறையை ஆராய்ந்துள்ளனர். செர்மானிய அறிஞர் எபிங்காசு, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கின்றது என்று அளந்து, 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்ற சிறிது நேரத்திலேயே மறதி விரைந்து பாய்கின்றது, பின்னர் மெல்ல நடக்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவரினும், ஒருமுறை வாசித்துவிட்டு நூலை மூடி நினைவிலிருந்து சொல்லிப் பார்த்த மாணவரே ஒரு வாரம் கழித்து மிகுதியாக நினைவுகூர்ந்தனர். திண்ணைப் பள்ளி ஆசிரியர் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு செய்தது ஏறக்குறைய இதுவே. பிரம்பு மட்டும் தேவையில்லை போலும்.

இவற்றையொட்டி எங்கள் வகுப்பில் ஒரு ஞாயிறன்று ஐந்து நாடுகளுக்கு மேல் கற்பிப்பதில்லை. அவ்வைந்தையும் அடுத்த ஞாயிறன்று கேட்போம். பிறகு மூன்று வாரம் கழித்துக் கேட்போம். பிறகு தீபாவளி விடுமுறைக்குப்பின் ஒருமுறை கேட்போம். விடை வரவில்லையெனில் உடனே சொல்லிக் கொடுப்பதில்லை. சற்றே தடுமாற விடுகின்றோம். தடுமாறித் தேடி எடுத்த பெயர் எளிதில் தொலைவதில்லை.

பெயர்களைத் தனித்தனியே கொடுப்பதும் இல்லை. ஆறுகளின் கரையில் அவற்றைத் தொடுக்கின்றோம். செர்மனியின் கருங்காட்டில் பிறந்து கருங்கடலில் சேரும் தன்யூப் ஆறு நான்கு தலைநகர்களைத் தொட்டுச் செல்கின்றது: ஆஸ்திரியாவின் வியன்னா, சுலோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா, அங்கேரியின் புடாபெஸ்ட், செர்பியாவின் பெல்கிரேடு. சென்னையிலிருந்து புறப்படும் இரயில் வண்டி எந்தெந்த நிலையத்தில் நிற்கும் என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த வரிசை ஒரு பொருட்டா? இதில் வேறொரு நன்மையும் உண்டு. ஆற்றின் ஒரு கரையில் புடாவும் மறு கரையில் பெஸ்டும் இருந்தன. 1873-ஆம் ஆண்டில் அவை ஒன்றாகிப் புடாபெஸ்ட் ஆயின. புக்காரெஸ்ட் நகரமோ தன்யூப் கரையில் இல்லை. இதை ஒருமுறை கேட்ட பிள்ளை, முன்னர்க் கூறிய அவ்விரு பெயர்களையும் குழப்புவதே இல்லை. அவ்வாறே நைல் ஆற்றின் வழியில் ஜூபா, கார்ட்டூம், கெய்ரோ. நைஜர் ஆற்றின் கரையில் பமாக்கோ, நியாமி. மீக்கோங் ஆற்றின் கரையில் வியந்தியான், நோம் பென். வெண்ணைலும் நீலநைலும் கூடும் இடத்தில் கார்ட்டூம் அமைந்துள்ளது என்றவுடன், பவானி கூடுதுறையைக் கண்ட பிள்ளை ஒன்று ‘அங்கேயும் கோயில் உண்டா?’ என்று கேட்டது. கேள்வி நன்று, படம் அதன் உள்ளத்தில் பதிந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

பெயரின் பொருளை அறிவது இன்னும் இனிய வழி. தாஜிகிஸ்தானின் தலைநகரான துஷான்பே என்னும் பெயருக்குத் திங்கட்கிழமை என்று பொருள். திங்கள்தோறும் கூடிய சந்தையால் அவ்வூர்க்கு அப்பெயர் வந்தது. குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை என்னும் ஊர் உண்டு என்பதை அறிந்த நம்மவர்க்கு, இமயத்திற்கு அப்பால் ஓர் உறவூர் கிடைத்தாற் போன்றதன்றோ இது! எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா ‘புதுமலர்’. மலேசியாவின் கோலாலம்பூர் ‘சேற்றுக் கூடல்’. உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் ‘கல் நகர்’. தாஷ்கண்டில்தான் நம் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி 1966-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் மறைந்தார் என்பதையும் அப்போதே சொல்லிவிடுகின்றோம். சியேரா லியோனின் தலைநகரான ஃபிரீடவுன், காபோன் நாட்டின் தலைநகரான லீப்ரவில் ஆகிய இரண்டிற்கும் ‘விடுதலையூர்’ என்றே பொருள். ஒன்று ஆங்கிலத்திலும் மற்றொன்று பிரெஞ்சு மொழியிலும் பெயர் பெற்றன. அடிமைத்தளையினின்றும் மீண்டவர்கள் குடியேறிய ஊர்கள் இரண்டும். இந்த இரு சொற்களுக்குப்பின் எத்துணைக் கண்ணீர் உறைந்து கிடக்கின்றது!

கீழை நாட்டுத் தலைநகர்களின் பெயர்களில் நமக்குப் பழகிய ஓசையும் உண்டு. நாம் பாங்காக் என்று அழைக்கும் நகரை அந்நாட்டார் குருங் தேப் மகா நகோன் என்பர். தேப் என்பது தேவர். மகா நகோன் என்பது மாநகர். பாலியும் வடமொழியும் கலந்து நீளும் அதன் முழுப்பெயர் உரோம எழுத்தில் 168 எழுத்துகள் கொண்டது. அந்நகரின் அரண்மனை அந்தணர் மார்கழியையொட்டி நடத்தும் விழாவின் பெயரில் திருவெம்பாவை, திருப்பாவை என்னும் சொற்களின் எதிரொலி இன்றும் கேட்கின்றது. புரூணை நாட்டின் தலைநகரான பந்தர் ஸ்ரீ பெகாவான், துறைமுகப் பட்டினம் என்னும் பொருளுடைய ‘பந்தர்’ என்ற சொல்லையும், முடிதுறந்த சுல்தான் ஒருவர் பூண்ட ‘ஸ்ரீ பகவான்’ என்ற விருதுப்பெயரையும் இணைத்து 1970-ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது. இதைக் கேட்ட பிள்ளைகள் அப்பெயரை மறப்பதே இல்லை. மொரீசியசின் தலைநகரான போர்ட் லூயியை எழுப்பிய கைகளுள், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் புதுவையிலிருந்து அழைத்துச் சென்ற தமிழ்க் கைவினைஞரின் கைகளும் இருந்தன. இலங்கையின் தலைநகர் கொழும்பு என்றே பலரும் விடை கூறுவர்; ஆட்சிமுறைப்படி தலைநகர் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டை; நாடாளுமன்றம் 1982-ஆம் ஆண்டில் அங்கே பெயர்ந்தது. கோட்டை என்பது நமக்குப் புதிய சொல்லன்று.

பிள்ளைகள் தாமே கண்டுபிடித்த விளையாட்டு ஒன்றும் உண்டு. அந்தாதி என்னும் செய்யுள் வகையைக் கற்பித்த நாளில் அது தோன்றியது. ஒரு நகரின் இறுதி எழுத்தே அடுத்த நகரின் முதலெழுத்தாதல் வேண்டும். லிமா என்று ஒருவன் தொடங்கினான். மாஸ்கோ என்றாள் ஒருத்தி. அதற்குக் கோபன்ஹேகன் என்று விடை வந்தது. அங்கே ஆட்டம் நின்றது. னகர மெய் மொழிக்கு முதலில் வாராது என்பது முந்திய வாரப் பாடம். ஒரு நாழிகை வழக்காடிய பின், றன்னகரத்திற்கு ஈடாகத் தந்நகரத்தைக் கொள்ளலாம் என்று அவர்களே விதி வகுத்துக்கொண்டனர். உடனே நைரோபி, அதன்பின் பிராட்டிஸ்லாவா, வார்சா, ஏமன் நாட்டுச் சானா, பகாமாஸ் நாட்டு நாசோ. ‘லகரமும் மொழிமுதலில் வாராதே, இலிமா என்றன்றோ தொடங்கியிருக்க வேண்டும்?’ என்று ஒரு சிறுமி பின்னர் எழுப்பிய ஐயம் இன்னும் தீர்ப்புக்குக் காத்திருக்கின்றது. இலண்டன், உரோம் என்று எழுதுவதா, லண்டன், ரோம் என்று எழுதுவதா என்னும் பெரியோர் வழக்கே தீராதபோது, சிறுவர் வழக்கைத் தீர்க்க நாங்கள் விரையவில்லை. இலக்கணமும் நிலநூலும் ஒரே பலகையில் அமர்ந்து விளையாடிய அந்த அரை மணியைப் பெற்றோர் கண்டிருந்தால், போட்டியை நிறுத்தும் எண்ணம் ஒருவேளை எழுந்திராது.

பெயர்கள் மாறுகின்றனவே என்னும் இரண்டாவது காரணத்திற்கு வருவோம். மாறுகின்றன என்பது உண்மை. கஜகஸ்தானின் தலைநகர் 1997-ஆம் ஆண்டில் அல்மாத்தியிலிருந்து அக்மோலாவுக்குப் பெயர்ந்தது. மறு ஆண்டே அக்மோலா அஸ்தானா ஆயிற்று. 2019-இல் நூர்சுல்தான் ஆயிற்று. 2022-இல் மீண்டும் அஸ்தானா ஆயிற்று. அஸ்தானா என்பதற்குத் தலைநகர் என்பதே பொருள் என்று கேட்டபோது, ‘அப்படியானால் முதலிலேயே அதை வைத்திருக்கலாமே’ என்றான் ஒரு மாணவன்! இந்தோனேசியா, போர்னியோத் தீவில் நுசாந்தரா என்னும் புதுத் தலைநகரை எழுப்புதற்கு 2022-இல் சட்டம் இயற்றியது. நம் நாட்டிலேயே 1911-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் தில்லித் தர்பாரில் அறிவிக்கப்படும் வரை கல்கத்தாவன்றோ தலைநகர்? புதுதில்லி முறையாகத் திறக்கப்பெற்றது 1931-ஆம் ஆண்டில்.

ஆனால் இந்த மாற்றத்தையே நாங்கள் பாடத்தின் சிறந்த பகுதியாகக் கருதுகின்றோம். இவ்வவையில் உள்ள முதியோர் தம் பள்ளி நாள்களில் கற்ற பெயர்களை நினைவுகூர்க. லியோபோல்டுவில், சாலிஸ்பரி, லோரன்சோ மார்க்கஸ், பாதர்ஸ்ட், ஃபோர்ட் லாமி. இப்பெயர்களை இன்றைய படத்தில் தேடினால் கிடைக்கமாட்டா. பெல்ஜிய மன்னன் பெயரைத் தாங்கிய லியோபோல்டுவில் 1966-இல் கின்ஷாசா ஆயிற்று. பாதர்ஸ்ட் 1973-இல் பஞ்சுல் ஆயிற்று. அதே ஆண்டில் ஃபோர்ட் லாமி இன்ஜமீனா ஆயிற்று. லோரன்சோ மார்க்கஸ் 1976-இல் மப்புட்டோ. சாலிஸ்பரி 1982-இல் அராரே. ஒவ்வொரு மாற்றமும் ஓர் அடிமைப் பெயரைத் துடைத்து எழுதிய புதுப் பெயர். பாட்டனார் பழைய பெயரைச் சொல்ல, பேரன் புதுப் பெயரைச் சொல்ல, இடையில் என்ன நிகழ்ந்தது என்று இருவரும் வினவினால், அந்த ஒரு வினாவில் இருபதாம் நூற்றாண்டின் விடுதலை வரலாறு அடங்கிவிடும். ஐக்கிய நாடுகள் அவை 1945-இல் தொடங்கியபோது உறுப்பு நாடுகள் 51. 1960-ஆம் ஆண்டில் மட்டும் புதிதாகச் சேர்ந்தவை 17, அவற்றுள் பதினாறு ஆப்பிரிக்க நாடுகள், எஞ்சியது சைப்ரஸ். இன்று 193. இறுதியாகச் சேர்ந்த தென்சூடான் 2011-ஆம் ஆண்டில் வந்தது. வத்திக்கானும் பாலத்தீனமும் உறுப்பினரல்லாத பார்வையாளர் நிலையில் உள்ளன. கொசோவோ, தைவான் போன்றவற்றைச் சில நாடுகள் ஏற்கின்றன. வேறு சில ஏற்பதில்லை. ஆகவே ‘உலகில் எத்தனை நாடுகள்?’ என்னும் கேள்விக்கே ஒரு விடை இல்லை என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்வது நலம். எருசலேமைப் பற்றிய வழக்கும் அத்தகையதே: இசுரேல் அதைத் தன் தலைநகர் என்கின்றது, பாலத்தீனர் அதன் கிழக்குப் பகுதியைத் தம் தலைநகராகக் கோருகின்றனர், பெரும்பாலான நாடுகளின் தூதரகங்கள் டெல் அவீவில் உள்ளன. ஒரு சொல்லில் விடை கூற இயலாத வினாக்களும் உலகில் உண்டு.

தலைநகர் என்றால் பெரிய நகர் என்று எண்ணிவிடுதல் எளிது. ஆஸ்திரேலியாவிற்குச் சிட்னி என்றும், பிரேசிலுக்கு ரியோ என்றும், நைஜீரியாவிற்கு இலாகோஸ் என்றும் விடை கூறாத பிள்ளை அரிது. சிட்னியும் மெல்போர்னும் தத்தமக்கே அப்பெருமை வேண்டும் என்று வாதிட்டன. முடிவில், தலைநகர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கலாம், ஆனால் சிட்னிக்கு நூறு கல் தொலைவிற்குள் இருத்தலாகாது என்று அரசமைப்பிலேயே எழுதி வைத்தனர்! அவ்வாறு பிறந்தது கான்பரா. 1927-ஆம் ஆண்டு வரை நாடாளுமன்றம் மெல்போர்னில் இருந்தது. செர்மனி 1990-இல் ஒன்றுபட்ட பின், நாடாளுமன்றமும் அரசும் பான் நகரில் இருப்பதா, பெர்லினுக்குச் செல்வதா என்று 1991-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள் வாக்கெடுத்தபோது, பெர்லினுக்கு 338 வாக்கு, பானுக்கு 320. பதினெட்டே வாக்கு வேறுபாடு! தான்சானியா 1973-இல் தொடோமாவைத் தலைநகராக்க முடிவு செய்தும், அலுவலகங்கள் தாருஸ்ஸலாமை விட்டுப் பெயரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. தென்னாப்பிரிக்காவிற்கோ மூன்று தலைநகர்கள்: ஆட்சிக்குப் பிரிட்டோரியா, சட்டம் இயற்றக் கேப்டவுன், நீதிக்குப் புளூம்பாண்டீன். பொலிவியாவில் அரசமைப்பு சொல்வது சூக்ரே. அரசு அமர்ந்திருப்பது லா பாஸ். ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது லா பாஸ். நம் உதகை 2,240 மீட்டரே என்றால் அவ்வுயரம் விளங்கும். பசிபிக் மாகடலின் நவூரு தீவிற்கு முறைப்படித் தலைநகரே கிடையாது. இந்தக் கேள்வியைப் போட்டியில் வைப்பது கொடுமை என்று பிள்ளைகள் முறையிட்டுள்ளனர், அதனை ஏற்றுக்கொண்டோம்.

ஒத்த பெயர்களால் விளையும் குழப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது. கொங்கோ என்னும் பெயரில் இரண்டு நாடுகள். ஒன்றின் தலைநகரான பிராசவிலும் மற்றொன்றின் தலைநகரான கின்ஷாசாவும் கொங்கோ ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்கின்றன. கினி என்னும் சொல்லைத் தாங்கியவை நான்கு: கொனாக்ரியைத் தலைநகராகக் கொண்ட கினி, பிசாவைத் தலைநகராகக் கொண்ட கினி பிசாவு, நிலநடுக்கோட்டுக் கினி, இவற்றினின்றும் மிகத் தொலைவில் உள்ள பப்புவா நியூ கினி. நைஜர் வேறு, நைஜீரியா வேறு. சுலோவாக்கியா வேறு, சுலோவீனியா வேறு. ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று சொல்லிவிட எவ்வளவு எளிதாக இருக்கின்றது!

அன்பர்களே, இம்மாநகரில் நம்முள் எத்தனை பேர் ‘மதராசி’ என்னும் ஒற்றைச் சொல்லைக் கேட்டுள்ளோம்! நெல்லையிலிருந்து வந்தவரும், தஞ்சையிலிருந்து வந்தவரும், மைசூரிலிருந்து வந்த கன்னடியரும், திருச்சூரிலிருந்து வந்த மலையாளியும், கர்நூலிலிருந்து வந்த தெலுங்கரும் அச்சொல்லுக்கு ஒரே ஆள்தான். ஆந்திர மாநிலம் 1953-ஆம் ஆண்டிலேயே கர்நூலைத் தலைநகராகக் கொண்டு தனியே பிரிந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. இத்தனைக்கும் பின்னரும் அச்சொல் சில தெருக்களில் உயிரோடு திரிகின்றது. சொல்பவர் தீயவர் அல்லர். பெரும்பாலும் அன்புடனேயே சொல்கின்றனர். ஆனால் கேட்கும் குழந்தையின் முகம் ஒரு கணம் சுருங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். அக்குழந்தையே மறுநாள் பள்ளியில் வடகிழக்கிலிருந்து வந்த தோழியை ‘நீ சீனமா?’ என்று கேட்குமாயின் நாம் என்ன சொல்வோம்? அசாமின் தலைநகர் திஸ்பூர், நாகாலாந்தின் தலைநகர் கோகிமா, மணிப்பூரின் தலைநகர் இம்பால் என்று அறிந்த குழந்தை அவ்வாறு கேட்பது கடினம். ‘ஆப்பிரிக்கர்’ என்று எல்லோரும் அழைக்கும் பல்கலைக்கழக மாணவர் ஒருவரை நோக்கி, ‘நீங்கள் கம்பாலாவா, கிகாலியா?’ என்று நம் பிள்ளை கேட்டால், அம்மாணவரின் முகத்தில் தோன்றும் மலர்ச்சிக்கு விலை உண்டோ? இந்த ஒரு காரணத்திற்காக மட்டுமே இப்பாடத்தை நடத்தலாம் என்பது எங்கள் துணிபு.

ஆகவே போட்டியை நிறுத்த வேண்டா, அதன் முறையை மாற்றுவோம் என்பதே செயற்குழுவின்முன் எங்கள் வேண்டுகோள். விரைந்து சொல்பவர்க்கு மிகுதியான எண் என்னும் விதியை எடுத்துவிடலாம். பெயரைச் சொன்னால் ஓர் எண். எல்லைகள் மட்டும் வரைந்த வெற்றுப் படத்தில் இடத்தைச் சுட்டினால் இரண்டு எண். அந்நகரைப் பற்றி ஒரு செய்தி தமிழில், முழு வாக்கியத்தில் கூறினால் மூன்று எண். கேள்விகளை முன்கூட்டியே நாற்பது நாட்டளவில் அறிவித்துவிடலாம். எஞ்சியவற்றை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். முதியோர் ஒருவரும் சிறுவர் ஒருவரும் இணைந்து பங்குபெறும் சுற்று ஒன்றும் வேண்டும். பழைய பெயர் கேட்டால் முதியோரும் புதுப் பெயர் கேட்டால் சிறுவரும் விடை கூறுக. பாட்டனார் ஊரில் இருக்கும் குழந்தைகள் தயங்க வேண்டா. இச்சங்கத்தில் பாட்டன்மார்க்குப் பஞ்சமில்லை, ஒருவரை அழைத்துக்கொள்ளலாம்.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சோவியத்து நாடு இன்னும் ஒன்றாகவே உள்ளது. அதனைக் கழற்றிவிடுமாறு சிலர் கூறினர். இரண்டு படங்களும் அருகருகே தொங்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். புதிய படம் ஒன்றும், எல்லை மட்டும் வரைந்த வெற்றுப் படம் ஒன்றும் வாங்கித்தர முன்வரும் அன்பர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம். வகுப்பு வழக்கம்போல் ஞாயிறு காலை பத்து மணிக்கு. வரும் வாரத்து ஐந்து நாடுகள் மடகாஸ்கர், மொசாம்பிக், மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே. அந்தனநாரிவோ என்னும் பெயரைத் தடையின்றிச் சொல்லிப் பழக விரும்பும் பெரியோரும் வரலாம்.